யாரோ விரித்த படுக்கை

அத்தியாயம் பதினொன்று

சனிக்கிழமை காலையில் ரயில். இன்று வியாழக்கிழமை. அந்த வீட்டில் இருந்த மூன்று பேரும் மூன்று வெவ்வேறு ஊர்களுக்குப் புறப்படத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். மூன்று ஊர்களுக்கும் ஒரே பெயர் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அப்பாவின் பெருநகரத்தில் பூமிக்கு அடியில் ரயில் ஓடியது. அதற்கு டிரைவர் கிடையாது. பள்ளிக்கூட வேன் ஓட்டி ஓட்டியே ஒரு பக்கத் தோள் இறங்கிப்போன மனிதர் அவர். "போய்ப் பார்த்துட்டு வந்துடறேன். அது தானா ஓடுதுன்னா நானும் ஸ்டியரிங்கை விட்டுட்டுப் பின்சீட்ல படுத்துக்கறேன். பிள்ளைங்க கத்தற கத்தல்லயே வண்டி பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்துடும்" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மகள் சிட்டுவின் பெருநகரத்தில் ஒரு பாலம் இருந்தது. கப்பல் வந்தால் நடுவில் பிளந்து, யாரையோ கும்பிடத் தூக்கிய கைகள்போல இரண்டு பக்கமும் மேலே எழும் பாலம். மருந்துக் கடையில் பில் போட்டுக்கொண்டிருக்கும்போதுகூட அவள் மனம் அந்தப் பாலத்தின் விளிம்பில், கப்பல் கடந்து போகட்டும் என்று காத்து நின்றுகொண்டிருக்கும்.

அம்மாவின் நகரத்தில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. "உனக்கு அங்க என்ன பார்க்கணும்?" என்று கேட்டால், "எனக்கென்ன, நீங்க போற இடத்துக்கு வரேன்" என்பாள். சொல்லிவிட்டு அடுப்பைத் துடைப்பாள்.

சிட்டுவுக்கு மட்டும் தெரியும். வாரா வாரம் இந்தத் தொடர் வழியாக இந்த வீட்டுக்கு வந்துபோகிறவர்களுக்கும் தெரியும். புதிதாக வாசலில் வந்து நிற்பவர்களுக்காக இன்னொரு முறை சொல்வதில் தப்பில்லை.

அம்மா, பஸ் நிலையத்துக்கு எதிரில் இருக்கும் லாட்ஜில் அறைகளைச் சுத்தம் செய்கிறாள். முதல் மாடி முழுக்க அவள் பொறுப்பு. போன மழைக்காலத்தில் காய்ச்சலில் கிடந்தபோது, கண்ணைத் திறக்காமலேயே சொன்னாள்: "எத்தனை பேருக்குப் படுக்கை போட்டிருப்பேன். எனக்குன்னு யாராவது ஒருத்தர் போட்டு வச்சு, 'வாங்க, படுங்க'ன்னு சொன்னா எப்படி இருக்கும்?" காய்ச்சல் விட்டதும் சொன்னதையே மறந்துவிட்டாள். சிட்டு மறக்கவில்லை.

அதனால்தான் போன வாரம் யாருக்கும் தெரியாமல் பெருநகரத்தில் ஓர் அறை பேசி வைத்தாள். பெரிய ஓட்டல் ஒன்றுமில்லை. ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரம், ஒரு ஜன்னல், வெள்ளை விரிப்பு. மருந்துக் கடையில் வேலை நேரத்தில் போனை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். அதனால் அம்மாவின் எண்ணைக் கொடுத்திருந்தாள். "வியாழக்கிழமை காலையில கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுக்குவோம். வரலைன்னு சொன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவோம்" என்றிருந்தார்கள். காலையில் அம்மா குளிக்கிற நேரத்தில் போன் எப்படியும் சிட்டுவின் கைக்கு வரும். ஒரே ஒரு 'ஆமாம்' சொன்னால் போதும்.

அப்பாவிடம் ரயில் கிளம்பிய பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள். காரணம், அதே நகரத்தில்தான் அப்பாவின் தங்கை இருக்கிறாள்.

அந்தத் தங்கை இப்போது அம்மாவின் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

●

"அண்ணா, ஸ்பீக்கர்ல போடு. அண்ணியும் கேட்கட்டும். உன் போனுக்கு அடிச்சா எடுக்கவே மாட்டேங்கறியே?"

"அது ராத்திரி முழுக்க வேன்ல கிடந்து செத்துப் போச்சு. சொல்லும்மா." அப்பாவின் ஒரு கன்னத்தில் சவர நுரை. இன்னொரு கன்னம் வழவழவென்று இருந்தது. பாதியில் கூப்பிட்டுவிட்டாள் தங்கை.

"ஹால்ல மூணு பேரும் தாராளமா படுக்கலாம். சோபாவைத் தூக்கி பால்கனியில போட்டாச்சு. அதுல உன் மாப்பிள்ளைக்கு முதுகு பிடிச்சுக்கிச்சு, அது தனிக் கதை."

"ஐயோ, எதுக்கும்மா இவ்வளவு சிரமம்?" என்றாள் அம்மா.

"சிரமமா? அண்ணி, இந்த ஊருக்கு வந்ததுலேர்ந்து என் பக்கத்து ஆளுங்க ஒருத்தர்கூட இந்த வாசலை மிதிச்சதில்லை. அவர் ஆளுங்க மட்டும் வரிசையா வந்து சாப்பிட்டுட்டுப் போறாங்க. அதான், ஞாயித்துக்கிழமை மத்தியானம் எங்க மாடியில இருக்கற நாலு குடும்பத்தையும் சாப்பிடக் கூப்பிட்டுட்டேன். எங்க அண்ணன், எங்க அண்ணின்னு காட்ட வேண்டாமா?"

தட்டைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

"நாலு குடும்பமா?"

"சின்னச் சின்னக் குடும்பம்தான் அண்ணி! நீங்க ஒரு வேலையும் செய்ய வேண்டாம். சும்மா பக்கத்துல நின்னாலே எனக்குத் தைரியம் வந்துடும். அப்புறம், நீங்க விரிப்பு விரிக்கும்போது மூலையில ஒரு மடிப்பு வைப்பீங்களே, அதை எனக்குக் காட்டிக் குடுங்க. எங்க வீட்டு மெத்தையில எதைப் போட்டாலும் விடிஞ்சு பார்த்தா கயிறு மாதிரி சுருண்டு கிடக்குது."

அப்பா பெருமையாகச் சிரித்தார். "அவ கை பட்டா உன் வீடு லாட்ஜ் மாதிரி ஆயிடும், பாரேன்!"

அவர் பாராட்டாகத்தான் சொன்னார். அம்மாவும் பாராட்டு வாங்கிக்கொண்ட முகத்தோடு சிரித்தாள். உதடு மட்டும் சிரிக்கிற அந்தச் சிரிப்பைச் சிட்டு கதவோரத்தில் நின்று பார்த்தாள்.

அப்போது போனுக்குள் டுக், டுக் என்று ஒரு சத்தம் இடையில் வந்தது. இன்னொருவர் கூப்பிடுகிறார். சிட்டு பாய்ந்து வந்தாள்.

"அத்தை, அம்மாவுக்கு வேற போன் வருது. அப்புறம் பேசறோமே?"

"வரட்டும் கண்ணு, வேணும்னா திரும்பக் கூப்பிடுவாங்க. நான் இன்னும் தலையணை விஷயத்துக்கே வரலை."

டுக், டுக். பிறகு அந்தச் சத்தம் நின்றுவிட்டது.

தலையணை விஷயம் முடிய நேரம் ஆனது. அத்தை மூன்று பேருக்கும் புது உறை தைத்திருந்தாள். எந்தத் துணியில், ஏன் அந்தத் துணியில், யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் இருந்தது. பேச்சு முடிந்தபோது அப்பாவின் நுரை காய்ந்து போயிருந்தது. அம்மா செருப்பை மாட்டிக்கொண்டே போனைப் பைக்குள் போட்டாள்.

"அம்மா, போனை ஒரு நிமிஷம் குடேன்."

"பஸ் வந்துடும்டி. சாயங்காலம் பார்த்துக்க."

சிட்டு வாசல் வரைக்கும் போனாள். சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அப்பா பின்னாலேயே சீப்போடு நின்றார். சரி, சாயங்காலம் நாமே கூப்பிட்டுச் சொல்லிக்கலாம், ஒரு பகல்தானே என்று நினைத்துக்கொண்டாள்.

●

லாட்ஜில் யாருக்கும் பெயர் சொல்லிக் கூப்பிட நேரம் கிடையாது. அம்மாவை 'முதல் மாடி' என்பார்கள். மேலே வேலை செய்யும் இளம்பெண் 'ரெண்டாம் மாடி'. இரண்டு பேரும் சேர்ந்து பெரிய விரிப்புகளை உதறி மடிக்கிற நேரம்தான் அவர்களுக்குப் பேச்சு நேரம்.

பக்கத்து மைதானத்தில் ஏதோ விளையாட்டுப் போட்டி. சனி, ஞாயிறு இரண்டு நாளும் லாட்ஜ் நிரம்பிவிட்டது. ஆனாலும் காலையிலிருந்து போன் ஓயவில்லை. மேனேஜர் பாங்குக்கோ தண்ணீர் லாரிக்காரரிடம் சண்டைக்கோ போகும்போதெல்லாம், மேஜை போனுக்கு வரும் அழைப்புகளை அம்மாவின் கைப்போனுக்குத் திருப்பிவிட்டுப் போவார். அவள் குரலில் மரியாதை இருக்கிறதாம். அந்த மரியாதைக்காக அவளுக்குக் கிடைத்தது, விரிப்பைப் பிடித்த கையோடு போனையும் கழுத்தில் இடுக்கிக்கொள்கிற வேலை. இன்று தண்ணீர் லாரிக்காரரின் முறை.

"ரூம் இல்லைங்க. ரெண்டு நாளும் நிரம்பிடுச்சு" என்று ஒருவரிடம் சொன்னாள். அவர் கெஞ்சினார். அடுத்தவர் கத்தினார். அதற்கடுத்தவர் தான் மேனேஜரின் சொந்தம் என்றார். மேனேஜரின் பெயரைக் கேட்டபோது இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

"அக்கா, அந்தப் பெரிய ஊர்ல எங்க தங்கப் போறீங்க?" ரெண்டாம் மாடி விரிப்பின் மறுமுனையைப் பிடித்தாள்.

"நாத்தனார் வீட்ல."

"போச்சு. அப்ப பையில துடைப்பத்தையும் வச்சுக்கங்க."

"சும்மா இரு. ரொம்ப நல்ல பொண்ணு அவ."

"நல்லவங்க வீட்லதான்க்கா மாட்டிக்குவோம். கெட்டவங்க வீடுன்னா சட்டமா கால் மேல கால் போட்டு உட்கார்ந்திருக்கலாம். மனசு உறுத்தாது."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இடுப்பு வலித்தது. விரிப்பை மெத்தைமேல் வீசினாள். அது ஒரு நொடி காற்றில் வயிறு உப்பி நின்று, மெல்ல இறங்கியது. மூலையைத் தூக்கி, சாய்த்து மடித்து, உள்ளே செருகி, மேலே உள்ளங்கையால் ஒரு தட்டு. இந்த அறையில் நேற்றிருந்தவர் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுக்கிறவர். மெத்தையில் ஒரு பக்கம் மட்டும் பள்ளம். எதிர் அறைக்காரர் தூங்கவே இல்லை போலிருக்கிறது, எல்லாம் கசங்கிக் கிடந்தது. வருஷக்கணக்கில் அவள் அடுத்தவர்களின் தூக்கத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டாள். சொந்த வீட்டில் அவள் படுக்கிற மெத்தையின் விரிப்பு எந்த மூலையிலும் செருகப்பட்டதில்லை. அங்கே போய்ச் சேரும்போது கையில் அந்த ஒரு மடிப்புக்குக்கூடத் தெம்பு மிச்சம் இருக்காது.

நாலு குடும்பம் என்று நினைத்தாள். குடும்பத்துக்கு நாலு தட்டு என்று வைத்தால்கூட... மேலே நினைக்கவில்லை. அடுத்த அறைக்குப் போனாள்.

போன் மறுபடி அடித்தது. குளியலறைத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முழங்கையால் பொத்தானை அழுத்தினாள்.

"வணக்கங்க."

"வணக்கம்மா. சனிக்கிழமை ரூம் விஷயமா..."

"முடியாதுங்க. சனி, ஞாயிறு ரெண்டு நாளும் முடியாது."

"அம்மா, நான் எங்கேர்ந்து பேசறேன்னா..."

"எங்கேர்ந்து பேசினாலும் அதேதாங்க. காலையிலேர்ந்து எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன். கோவிச்சுக்காதீங்க."

"உறுதியா முடியாதாம்மா?"

"உறுதியா முடியாதுங்க."

"சரிம்மா. பரவாயில்லை. நன்றிம்மா."

இணைப்பு போய்விட்டது. அம்மா தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் குழாயடியில் அப்படியே குந்தியிருந்தாள். காலையிலிருந்து இத்தனை பேரில் கத்தாமல், கெஞ்சாமல், நன்றி சொல்லிவிட்டுப் போனவர் இவர் ஒருவர்தான். முழுதாகப் பேசக்கூட விடவில்லையே.

"யாருக்கா?" என்று வாசலில் எட்டிப் பார்த்தாள் ரெண்டாம் மாடி.

"யாரோ ஒருத்தர். பாவம், நல்ல மனுஷன். எங்கயாவது ஒரு ரூம் கிடைக்கணும் அவருக்கு."

●

மருந்துக் கடை இழுப்பறை திறந்ததும் சிட்டு தன் போனை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தாள். கடைகளில் விளக்குப் போடத் தொடங்கியிருந்தார்கள். இரைச்சலுக்கு ஒரு காதைப் பொத்திக்கொண்டு அந்த எண்ணைக் கூப்பிட்டாள்.

"சனிக்கிழமைக்கு ஒரு ரூம் பேசியிருந்தோம். மூணு பேருக்கு. ஜன்னல் இருக்கற ரூம். காலையில நீங்க கூப்பிட்டப்ப லைன் கிடைச்சிருக்காது, அதான் நானே..."

"மத்தியானம் கூப்பிட்டோமேம்மா. லைன் கிடைச்சுது. வேண்டாம்னு சொல்லிட்டாங்களே."

"யாரு சொன்னது?"

"ஒரு அம்மா பேசினாங்க. நான் முழுசா சொல்றதுக்குள்ளயே முடியாதுன்னுட்டாங்க. உறுதியான்னு ரெண்டாவது தடவை கூடக் கேட்டேன். உறுதின்னாங்க. இப்ப அந்த ரூமை வேற ஆளுக்குக் குடுத்தாச்சும்மா."

"வேற ரூம்?"

"எல்லாம் நிரம்பிடுச்சும்மா. வாரக் கடைசி இல்லையா."

சிட்டு அங்கேயே நின்றாள். ஒரு சைக்கிள்காரர் மணி அடித்து, பிறகு திட்டி, பிறகு அவளைச் சுற்றிக்கொண்டு போனார். அவள் கண்ணுக்குள் அந்தப் பாலம் பிளந்துகொண்டிருந்தது. அவளும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் நிற்க, நடுவில் கப்பலே வரவில்லை. சும்மாவே திறந்து நின்றது.

அம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. தெரிந்தும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வேறெப்படிச் சொல்வாள் அவள்? பஸ்ஸில் இடம் கிடைத்தால் யாரையாவது தேடிப்பிடித்து உட்கார வைப்பவள்.

வீடு போய்ச் சேரும் வரைக்கும் சிட்டுவின் கோபம் அடிக்கு அடி வளர்ந்தது.

●

"உனக்கு என்னம்மா அப்படி ஒரு சந்தோஷம், எல்லாத்தையும் வேண்டாம் வேண்டாம்னு சொல்றதுல?"

அம்மா நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை முக்காலிமேல் தூக்கி வைத்திருந்தாள். கணுக்கால் வீங்கியிருந்தது. "எதைடி வேண்டாம்னேன்?"

"நடிக்காத. மத்தியானம் ஒருத்தர் போன் பண்ணினார்ல? சனிக்கிழமை ரூம் பத்தி?"

"ஒருத்தரா? ஊர்ல பாதிப்பேர் பண்ணினாங்க. நான் என்ன பண்றது, லாட்ஜ்ல இடமில்லைன்னா இடமில்லைதானே."

"லாட்ஜ் இல்லம்மா! பெரிய ஊர்ல. உனக்கு. நான் பேசி வச்ச ரூம். ரெண்டு தடவை உறுதியான்னு கேட்டாராம், உறுதியா முடியாதுன்னியாம்!"

அம்மா முக்காலியிலிருந்து காலை இறக்கினாள்.

"எனக்கா?"

"ஆமா, உனக்குத்தான். காய்ச்சல்ல சொன்னியே, யாராவது படுக்கை போட்டுக் குடுக்கணும்னு. அதான்."

அம்மாவின் முகத்தில் அந்த மத்தியானம் மெதுவாகத் திரும்பி வருவதைச் சிட்டு பார்த்தாள். மேனேஜர் திருப்பிவிட்டுப் போன போன். தெரியாத எண்கள் எல்லாம் ஒரே மாதிரி. குளியலறைத் தரை. முழங்கை.

"மரியாதையா பேசினாரே ஒருத்தர்..." என்றாள் அம்மா. "நன்றிம்மான்னு சொன்னாரே... அவரா?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"அவருக்கு எங்கயாவது ரூம் கிடைக்கணும்னு வேண்டிக்கிட்டேன்டி." அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று சிட்டு பயந்து குனிந்து பார்த்தால், சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வர, சத்தம் வராமல், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. "என் ரூமை நானே இல்லைன்னுட்டு, பாவம் பாவம்னு அவருக்காக..."

சிட்டுவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"என்ன ரூம்? யாருக்கு ரூம்?"

அப்பா. வேனைக் கழுவிக்கொண்டிருந்தவர் ஈரத் துணியோடு வாசலில் நின்றார்.

இனி மறைத்துப் பயனில்லை. சிட்டு சொன்னாள். சொல்லச் சொல்ல அப்பாவின் முகம் மாறியது. அவருக்குக் கத்தத் தெரியாது. நாள் முழுக்கப் பிள்ளைகளின் கத்தலைக் கேட்டு, குரல் உயர்த்துகிற பழக்கமே போய்விட்டது. அதனால் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"என் தங்கச்சி வீடு இருக்கறப்ப லாட்ஜா? சோபாவைத் தூக்கி வெளியில போட்டுட்டுக் காத்துட்டிருக்கா அவ. 'என் பக்கத்து ஆளுங்க யாரும் வரலை'ன்னு காலையில சொன்னா, கேட்டீங்கதானே ரெண்டு பேரும்? நாலு குடும்பத்துக்கு முன்னாடி அவ மூஞ்சியை எங்க கொண்டுபோய் வச்சுக்குவா?"

"அப்பா, அம்மா அங்க போனா சமையலறையிலேர்ந்து வெளிய வருவாளா, சொல்லுங்க?"

"அவ ஒரு வேலையும் செய்ய வேண்டாம்னுதானே சொன்னா?"

"அவர் சொல்றது நியாயம்தான்" என்றாள் அம்மா.

சிட்டு தலையில் கை வைத்துக்கொண்டாள். "அம்மா!"

"நியாயம்தான்டி. அவ நல்லவ. ஒரு வேலையும் சொல்ல மாட்டா. ஆனா நான் சும்மா இருக்க மாட்டேனே." சிரிப்பின் ஈரம் இன்னும் அவள் கண்ணில் இருந்தது. "அங்க ஒரு தட்டு கிடந்தா கழுவிடுவேன். விரிப்பு சுருண்டிருந்தா இழுத்துச் செருகிடுவேன். யாரும் கேட்க வேண்டாம், என் கை தானா போயிடும். எனக்கு அவகிட்ட பயமில்லைங்க. என்கிட்டதான் பயம்."

அப்பா ஈரத் துணியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"எனக்கு முடியலைங்க" என்றாள் அம்மா. புகார் மாதிரி இல்லை, மழை பெய்கிறது என்று சொல்வதுபோல இருந்தது. "ரெண்டு ராத்திரி. எனக்குத் தெரியாத யாரோ ஒருத்தர் விரிச்ச படுக்கையில படுக்கணும். எழுந்தா அதை அப்படியே போட்டுட்டு வெளிய வரணும். அவ்வளவுதான்."

"இதை நீ முன்னாடியே சொல்லியிருக்கலாமே. எத்தனை தடவை கேட்டேன், உனக்கு என்ன வேணும்னு?"

"என்ன பார்க்கணும்னு கேட்டீங்க. பார்க்கறதுக்கு எனக்கு ஒண்ணும் வேணாங்க."

அப்பா கையிலிருந்த துணியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். வெளியே வேன் பாதி சோப்பு நுரையோடு நின்றது.

"இப்ப பேசி என்ன பிரயோஜனம்?" என்றாள் சிட்டு களைத்துப்போய். "எல்லா ரூமும் போயாச்சாம். கேட்டுட்டேன்."

"அந்த நம்பரைக் குடு" என்றாள் அம்மா.

"எதுக்கு?"

"குடுடி."

●

இத்தனை வருஷத்தில் அம்மா ஒரு லாட்ஜுக்குப் போன் செய்து அறை கேட்டதில்லை. மணி போகும்போது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், அந்தப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கப்போவதுபோல.

"வணக்கங்க. மத்தியானம் சனிக்கிழமை ரூமுக்குக் கூப்பிட்டீங்களே, முடியாதுன்னு சொன்னது நான்தான். உங்களைப் பேசவே விடலை. கோவிச்சுக்காதீங்க."

"அதனால என்னம்மா. ஆனா அதைக் குடுத்தாச்சே. உங்க பொண்ணு கூடக் கேட்டாங்க. ரூம் இல்லைம்மா."

எந்தக் குரலில் தினமும் அவள் சொல்வாளோ அதே குரல். கொஞ்சம் களைப்பு, கொஞ்சம் மரியாதை, கதவைச் சாத்தத் தயாராக வைத்த கை. கேட்பவருக்கு அது எப்படி இருக்கும் என்று அவளுக்கு இன்றுதான் தெரிந்தது. ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"நிரம்பிடுச்சுன்னு தெரியுங்க. நீங்க வாடகைக்கு விடற ரூமை நான் கேட்கலை. எதாவது கோளாறுன்னு ஒண்ணைப் பூட்டி வச்சிருப்பீங்களே, அதைக் கேட்கறேன்."

அந்தப் பக்கம் ஒரு சின்னச் சிரிப்பு.

"நீங்க எந்த லாட்ஜும்மா?"

"பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல. முதல் மாடி."

"அதான பார்த்தேன்... ஒண்ணு இருக்கும்மா. மூணாவது மாடியில கடைசி. குழாய் சொட்டிட்டே இருக்கும். ஆள் வந்து பார்க்கறேன், பார்க்கறேன்னுட்டு வரவே இல்லை. ராத்திரியெல்லாம் டொக் டொக்னு சத்தம், வர்றவங்க சண்டைக்கு வர்றாங்க."

"குழாய்ல ஒரு துணியைக் கட்டி கீழ வரைக்கும் தொங்க விடுங்க. தண்ணி அது வழியா இறங்கிடும். சத்தம் வராது."

"அட."

"மெத்தை?"

"மெத்தை புதுசும்மா. யாரும் படுக்காம கிடக்குதே."

"விரிப்பு நீங்கதானே விரிப்பீங்க?"

அவருக்கு அந்தக் கேள்வி புரியவில்லை போலிருந்தது. "எங்க ஆளு விரிச்சு வச்சிருவாங்கம்மா. நீங்க வந்து படுத்தாப் போதும்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். மூணாவது மாடி, கடைசி அறை, ஜன்னல் இருக்கிறதா இல்லையா என்றுகூட அம்மா கேட்கவில்லை.

"சரிங்க. அதையே எனக்கு வச்சிடுங்க."

"எத்தனை பேரும்மா? மூணு பேர்னா இன்னொரு கட்டில் போடணும். அதுக்குத்தான் கேட்கறேன்."

அம்மா கண்ணைத் திறந்து அப்பாவைப் பார்த்தாள்.

போன் பேச்சு அவருக்கும் கேட்டிருந்தது. பால்கனியில் கிடக்கும் சோபாவும், பிடித்துக்கொண்ட முதுகும், தைத்து வைத்த மூன்று உறைகளும் அவர் முகத்தில் வரிசையாக வந்து நின்றன. அவர் கையிலிருந்த துணி இறுகியது. அதிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டி, சின்னக் குட்டையாகத் தேங்கியது.

அம்மா அந்தத் தண்ணீரைப் பார்த்தாள். துடைக்க எழுந்திருக்கவில்லை.

"லைன்ல இருக்கீங்களாம்மா? எத்தனை பேரு?"

"ரெண்டு பேர் உறுதிங்க" என்றாள் அம்மா. "மூணாவது ஆளைப் பத்தி நாளைக்குக் காலையில சொல்றேன். நீங்க கூப்பிட வேண்டாம். நானே கூப்பிடறேன்."